அல் கோரில் ஓர் அட்டைப்பெட்டி வாக்குச்சாவடி

கத்தாருக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்டது, தோஹாவில் என்ன வாங்கினீர்கள் என்றுதான். எதுவும் வாங்கவில்லை. போன அக்டோபர் முதல் வாரத்தில் போய்ப் பதினோரு நாள் இருந்தேன். அதில் தோஹாவில் கழித்தது ஒரே ஒரு பிற்பகல். மற்ற நாளெல்லாம் வடக்கே, அல் கோர் என்ற கடலோரச் சிற்றூரில் மகள் வீட்டில். எழுபது வயதுக்கு மேல் தனியாகப் போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நடுவில் ஒரு தேர்தல் வரும். அது இல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

மகள் சுதாவும் மாப்பிள்ளை முரளியும் அமெரிக்காவின் மேற்கு மாநிலம் ஒன்றில் பதினான்கு ஆண்டு இருந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, ஆறு ஆண்டுக்கு முன் கத்தாருக்கு வந்தவர்கள். முரளி ராஸ் லஃபானில் உள்ள எரிவாயு ஆலை ஒன்றில் பொறியாளர். அவர்களுக்குக் குழந்தை இல்லை; அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. "நாங்க கெளம்பறதுக்குள்ள ஒரு தடவை வந்து பாத்துடும்மா" என்று சுதா கூப்பிட்டாள். என் கணவர் இருந்தவரை, வெயில் ஆகாது என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடுவார். அவர் போய் நான்கு ஆண்டு ஆகிறது. இப்போது தட்டிக்கழிக்க வீட்டில் ஆள் இல்லை.

திருச்சியிலிருந்து ஷார்ஜா, அங்கே விமானம் மாறி தோஹா. திருச்சியில் அதிகாலை நாலரைக்கு ஏறி, அந்த ஊர் நேரப்படி காலை ஏழுக்கு ஷார்ஜாவில் இறங்கினேன். ஐந்து மணி நேரம் காத்திருப்பு. சக்கர நாற்காலி வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் வேண்டாம் என்றேன். ஆனால் நடை தூரம் அதிகம், முழங்கால் சரியில்லாதவர்கள் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். காபி பதினெட்டு திர்ஹம், சுமாராக இருந்தது. என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் அஜ்மானுக்கும் ஷார்ஜா தொழில்பேட்டைக்கும் லீவு முடிந்து திரும்புகிற ஆண்கள். விமானத்தில் ஊர் பேசிக்கொண்டே வந்தவர்கள், கதவு திறந்ததும் இந்திக்கு மாறிவிட்டார்கள். பன்னிரண்டேகாலுக்கு மறு விமானம் கிளம்பி, பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் தோஹாவில் இறங்கியது. பறந்தது பத்து நிமிடம் அல்ல. கத்தார் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

முரளி டூட்டியில் இருந்ததால், தமக்குத் தெரிந்த ஓட்டுநரை அனுப்பியிருந்தார். பெயர் காளிமுத்து, ஊர் புதுக்கோட்டைப் பக்கம் ஆலங்குடி. என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஊரையே கட்டிக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார். ஊறுகாயும் அரிசி வடகமும்தான் என்றேன். "அப்ப சரி. இதுக்கு ஏர்போர்ட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா? யோகந்தான் ஒங்களுக்கு." விமான நிலையத்திலிருந்து அல் கோர் அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், கட்டணம் நூற்றிருபது ரியால். சாலை அகலம், வளைவே கிடையாது. இரண்டு பக்கமும் வெளிர் பழுப்பு நிறத்தில் தட்டை நிலம். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்கு ஓய்வு.

கம்பெனிக் குடியிருப்பில் ஒரே மாதிரி வெள்ளை வீடுகள், வாசலில் ஒரே மாதிரி போகன்வில்லா. இரவில் வடக்கே வானத்தின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒளி தெரியும். ராஸ் லஃபான் எரிவாயு எரிகிற வெளிச்சம். இரண்டாம் நாள் முரளி அந்தப் பக்கம் காரில் அழைத்துப் போனார். முப்பது கிலோமீட்டர். உள்ளே பார்வையாளர்களை விடுவதில்லை. படம் எடுப்பதும் கூடாது. நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாம் நாள் மாலைதான் தேர்தல் வந்தது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுதாவின் மாநிலத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதோடு, சில சட்டங்களையே மக்கள் முன் வைத்து ஆமா, இல்லையா என்று நேராகக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற குடிமக்களுக்கு வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்துவிடும். அச்செடுத்து நிரப்பி, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இந்த முறை கேட்டவற்றில் ஒன்று: புதிய எரிவாயுக் கிணறுகளை வீட்டுக்கும் பள்ளிக்கும் ஐந்நூறு அடி தள்ளித் தோண்டினால் போதும் என்ற விதியை மாற்றி, இரண்டாயிரம் அடி தள்ள வேண்டும் என்று ஆக்கலாமா?

இது அவர்களுக்கு வெறும் செய்தி அல்ல. அங்கே அவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஏழு ஆண்டுக்கு முன் அதன் பின்பக்கத்து நிலத்தில் ஒரு கிணறு தோண்டினார்கள். நம் ஊர் உறைக்கிணற்றை நினைக்க வேண்டாம். பல மாடி உயரத்துக்கு இரும்புக் கோபுரம், இரவெல்லாம் விளக்கு, நிற்காத டீசல் எந்திரங்கள். ஐந்து மாதம். சுதாவுக்குத் தூக்கம் போயிற்று, மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்து வந்த வேலையும் அதோடு போயிற்று. கத்தார் வாய்ப்பு வந்ததும் கிளம்பிவிட்டார்கள். இப்போது அந்த மருத்துவமனை அவளைத் திரும்பக் கூப்பிடுகிறது. அவளுக்கும் போக ஆசை. முரளியின் பழைய கம்பெனியும் வரச் சொல்கிறது. ஆனால் புதிய சட்டம் வந்தால் கிணறுகள் குறையும், அந்த வேலை இருக்குமா என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். சட்டம் வராவிட்டால், வீட்டின் பின்னால் இன்னும் மூன்று கிணறு வரும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள்.

முரளி வேலையிலிருந்து வந்து, நீலக் கோப்பை மேஜைமேல் வைத்தார். "சுதா, பாலட் ரெண்டும் ஆபீஸ்ல பிரின்ட் எடுத்துட்டேன். உன்னோடதும் முடிச்சாச்சு. மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டின எடத்துல ஒரு கையெழுத்து போட்டுடு. நாளைக்குக் கூரியர்ல போட்டுடறேன்."

"முடிச்சாச்சுன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஃபில் பண்ணிட்டேன் அத்தை."

இதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது என்பதை எழுதியே ஆக வேண்டும். வளைகுடாவில் வேலைக்கு வந்த கணவனின் பொறுப்பில் மனைவி இருக்கிறாள். வசிப்பு அனுமதி, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், எந்தத் தாளும் அவன் வழியாகத்தான் நகரும். ஆறு ஆண்டாக முரளி நிரப்புவார், மஞ்சள் ஒட்டுவார், சுதா கையெழுத்துப் போடுவாள். காய் நறுக்கித் தருகிற மாதிரி அவர் செய்கிற ஓர் உதவி அது. அன்றும் அப்படித்தான். சுதா படிக்கக்கூட இல்லை, பேனாவை எடுத்துவிட்டாள்.

"பேனாவைக் கீழ வை சுதா" என்றேன்.

நான் கருவூலத்தில் வேலை பார்த்தவள். நான்கு தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். மனைவியோடு மறைப்புக்குப் பின்னால் நுழையப் பார்த்த கணவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். ஒருவர், "அவளுக்குக் கண்ணு சரியா தெரியாதுங்க" என்றார். அந்த அம்மாள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி பத்து இருவது ஆச்சு, நீ போய்யா" என்றார்.

முரளி சிரித்தார். "அத்தை, இது நம்ம ஊர் பூத் இல்ல. சாப்பாட்டு மேஜையில உக்காந்து போடற ஓட்டு. அங்க புருஷன் பொண்டாட்டி பேசித்தான் போடுவாங்க."

"நீங்க பேசினீங்களா?"

அவர் சுதாவைப் பார்த்தார். சுதா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணறு பற்றிய கேள்விக்கு எதிரே, 'இல்லை' என்ற வட்டம் அழகாக, கோட்டுக்கு வெளியே போகாமல் கறுக்கப்பட்டிருந்தது.

"முரளி, எனக்கு வேற ஒண்ணு பிரின்ட் எடுத்துக் குடு" என்றாள். கோபமாக இல்லை. உப்பு எடுத்துக் கொடு என்பது போல.

அடுத்த இரண்டு நாள் நான் பார்த்தது, படித்தவர்கள் வாக்களிக்க எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை. சீட்டோடு ஒரு கையேடும் வந்திருந்தது. அதில் ஆதரித்து ஒரு பக்கம், எதிர்த்து ஒரு பக்கம். கேள்வியை ஒரே வாக்கியத்தில், மூச்சு விடாமல், அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். எங்கள் கான்வென்ட்டில் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்திருப்பார். முரளி வாதங்களைப் படிக்கவில்லை. கீழே இருந்த பெயர்களைத்தான் படித்தார். "யார் யார் ஆதரிக்கறாங்கன்னு பாத்தாலே போதும் அத்தை. மிச்சத்தப் படிக்கவே வேண்டாம்." சுதா அந்த ஊர்த் தோழி ஒருத்திக்குப் போன் செய்தாள். எரிவாயு வரிப் பணத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடம் ஓடுகிறது, ஆகவே 'இல்லை' என்றாள் தோழி. இன்னொருத்தி, என் வீட்டுக்குள்ளேயே நாற்றம் வருகிறது, ஆகவே 'ஆம்' என்றாள். இரண்டு போனுக்குப் பிறகும் சுதா கையேட்டைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ரெண்டாயிரம் அடின்னா எவ்ளோ தூரம்?"

"அறுநூத்திப் பத்து மீட்டர்."

"கணக்கு எனக்கும் தெரியும்மா. எவ்ளோ தூரம்?"

அது நியாயமான கேள்வி. போய்ப் பார்த்துவிடலாம் என்றேன்.

ஆறாம் நாள் நாலு மணிக்குக் காளிமுத்துவை வரச் சொன்னோம். முதலில் தகீரா. அல் கோரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், பாலைவனம் கடலைத் தொடுகிற இடத்தில் அலையாத்திக் காடு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. செடிகள் இடுப்பு உயரம் முதல் ஓர் ஆள் உயரம்தான். ஆனால் அத்தனை வறட்சிக்குப் பிறகு அந்தப் பச்சை ஒரு குளிர்ச்சி. தண்ணீருக்குள் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், கைப்பிடி உண்டு. நாரைகள் இருந்தன. வெயில் முப்பத்தைந்து டிகிரி, காற்று இருந்ததால் தாங்க முடிந்தது.

திரும்பும் வழியில், ஏதோ கட்டிடம் எழும்புகிற இடத்தில், தகர வேலிக்குப் பின்னால் இரண்டு பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ராஸ் லஃபான் பக்கம் போன அன்றே கவனித்து வைத்திருந்தேன். காளிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"டீசலும் பெட்ரோலும் விக்கிற நாட்டுக்கு வந்து, ஜெனரேட்டர் சத்தம் கேக்க டாக்ஸி புடிச்ச மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். ஆனால் ஆர்வம் வந்துவிட்டது. கைபேசி வரைபடத்தில் தூரத்தை அவரே பார்த்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார்.

முதலில் ஐந்நூறு அடி. இறங்கி நின்றோம். சத்தம் காதில் மட்டும் இல்லை, செருப்பின் வழியாகவும் ஏறியது. சுதா ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துக் காளிமுத்து பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

பிறகு இரண்டாயிரம் அடி. இன்ஜினையும் ஏசியையும் நிறுத்தச் சொன்னேன். சூரியன் இறங்கிவிட்டது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கடல் காற்று கொஞ்சம் அடங்கியதும், அடுத்த தெருவில் கிரைண்டர் ஓடுவது போல ஒரு முனகல் வந்தது. மறுபடி காற்று, மறுபடி நிசப்தம். சுதா சாலையோர மணலில் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

காளிமுத்துவுக்கு அமைதி பிடிக்காது. "எங்க கேம்ப்ல கட்டிலுக்கு அந்தாண்ட செவுரு, செவுத்துக்கு அந்தாண்ட ஜெனரேட்டரு. அது ஓடுனாத்தான் ஏசி. நின்னுச்சுன்னா, கலாஸ், முடிஞ்சுது, ரூம்ல பத்து பேரும் எந்திரிச்சு உக்காந்துருவோம். எனக்கெல்லாம் சத்தம் நின்னாத்தான் முழிப்பு தட்டும் மேடம்."

சுதா சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பிறகு, "இந்தத் தூரத்துல கேக்குது. ஆனா தூங்கிடலாம்" என்றாள். காரை நோக்கித் திரும்பியவள், "முரளி வேலையில்லாம வீட்ல உக்காந்திருந்தா, அது எவ்ளோ தூரத்துக்குக் கேக்கும்? அத எங்க போய் நின்னு பாக்கறது?"

"அது இந்தியா வரைக்கும் கேக்கும் மேடம்" என்றார் காளிமுத்து.

வீடு வந்து சேர்ந்ததும், தண்ணீர்ப் பாட்டில்கள் வந்த இரண்டு அட்டைப்பெட்டிகளை வெட்டி, சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் மூன்று பக்கமும் மறைப்பு கட்டினேன். ஒரு பக்கம் சரிந்தது. பிரஷர் குக்கரை முட்டுக் கொடுத்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். முரளி வந்து பார்த்தார்.

"ஏஜென்ட்டெல்லாம் உண்டா அத்தை? விரல்ல மை வப்பீங்களா?"

"நூறு மீட்டருக்குள்ள பிரச்சாரம் கூடாது மாப்பிள்ளை. கிச்சனுக்குப் போங்க."

"கிச்சன் நாலு மீட்டர்தான் இருக்கு."

"அப்ப வாயத் தொறக்காம இருங்க."

சுதா புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் உட்கார்ந்தாள். நான் முதுகைக் காட்டி நின்றேன். கடைசியில் எழுந்து, சீட்டை நான்காக மடித்து உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்தை அவளே போட்டாள். மஞ்சள் ஒட்டுத்தாள் இல்லாமல், எங்கே போட வேண்டும் என்று அவளே தேடிப் போட்டாள்.

முடிந்தது என்று பெட்டியைக் கலைக்கப் போனேன். முரளி கிச்சன் வாசலில் நின்றுகொண்டு, "அத்தை, எனக்கும் ஒரு சீட்டு எடுத்திருக்கேன்" என்றார்.

"நீங்கதான் போட்டாச்சே?"

"ஆபீஸ்ல டீ குடிக்கற ரூம்ல போட்டது. அந்த ஊர்க்காரங்க நாங்க நாலு பேர். ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டோம்." கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "எல்லாரும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தோம்."

"அப்ப போய் உக்காருங்க" என்றேன்.

சுதா எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் அவர் உள்ளே இருந்தார். இடையில் ஒருமுறை பேனாவை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி எடுக்கிற சத்தம். சுதா அடுப்பில் ரசத்தை இறக்கிவிட்டு, கரண்டியோடு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு நிரப்பிய இரண்டு சீட்டுகளையும் நான்தான் கிழித்தேன். மறுநாள் அல் கோர் கடைத்தெருவில் கூரியர் கடையில் இரண்டு உறைகளையும் சேர்த்துக் கொடுத்தோம். வழியில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

இப்படிப்பட்ட தேர்தல்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும்போது, மக்கள் சுற்றுச்சூழலைத் தேர்ந்தார்கள், அல்லது வேலைவாய்ப்பைத் தேர்ந்தார்கள் என்று எழுதுகிறார்கள். நான் அருகில் இருந்து பார்த்த இரண்டு பேர் அப்படி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருத்தி தன் தூக்கத்தையும் கணவனின் முகத்தையும் எடை போட்டாள். ஒருவர் தம்முடைய நாற்காலியையும் மனைவியின் தூக்கத்தையும் எடை போட்டார் என்று நினைக்கிறேன். எந்தத் தட்டு தாழ்ந்தது என்பது அந்த அட்டைக்கு உள்ளே இருந்த விஷயம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பர் பாதிக்கு மேல் போங்கள். அக்டோபரில் பகல் பதினொன்று முதல் மூன்று வரை வெளியே நடமாட முடியாது. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, கடையில் கொடுத்த அட்டையிலேயே கொண்டு போங்கள். டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். அல் கோருக்குப் பேருந்து உண்டு, ஆனால் பெட்டியோடு முதல்முறை போகிறவர்கள் டாக்ஸியே எடுப்பது நல்லது. ஆலைகள், துறைமுகம், காவல் நிற்கிற எந்த வாசலையும் படம் எடுக்க வேண்டாம். தகீராவுக்கு மாலை நாலு மணிக்குப் போங்கள், தொப்பியும் தண்ணீரும் அவசியம். தோஹாவில் அருங்காட்சியகத்துக்கு ஒரு பிற்பகல் போதாது. அங்கே நான் தவறு செய்துவிட்டேன். தமிழ் பேசுகிற ஓட்டுநர் கிடைத்தால் பேச்சுக் கொடுங்கள், கிடைக்கிற தகவலில் பாதியை நம்புங்கள்.

நவம்பரில் முடிவு வந்தது. அந்தச் சட்டம் தோற்றுவிட்டது. முரளிக்கு அந்த வேலை உறுதியாகிவிட்டது; மார்ச்சில் அந்த வீட்டுக்கே திரும்புகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை முரளி போன் செய்தார். பின்பக்கப் படுக்கை அறையை விட்டுவிட்டு, தெருவைப் பார்த்த முன்னறையில் படுக்கப் போகிறார்களாம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட ஆள் பேசியாயிற்றாம். அப்படியும் சுதாவுக்குத் தூக்கம் வராவிட்டால், ஒரு வருடத்தில் வேறு ஊர், வேறு வேலை என்று அவரே சொல்லியிருக்கிறாராம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை, சுதா எதுக்குப் போட்டான்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"அவகிட்டயே கேக்கறதுதானே?"

"கேக்கலாமான்னு தெரியல அத்தை."

ஆறு ஆண்டாக அவளுக்காக எல்லாத் தாளையும் நிரப்பியவர். ஒன்றரை மாதமாக அதே வீட்டில் இருந்துகொண்டு கேட்காமல் இருந்திருக்கிறார்.

"அதெல்லாம் தலைமை அலுவலர்கிட்டக் கேக்கக் கூடாது மாப்பிள்ளை" என்றேன்.

எனக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.